கடல் கடந்தால் கணக்கும் மாற வேண்டும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முதியோர் வாக்கு. அளந்து செலவிட வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அளக்கின்ற படியே மாறிவிட்டால் என்ன செய்வது? ஒரு நாட்டில் பிறந்து வளர்ந்து, அந்நாட்டுக் கடையிலும் காசிலும் கைபழகிய ஒருவர், திடீரென்று வேறொரு நாட்டில் குடியேறி அடுப்பு மூட்ட நேர்ந்தால், அவருடைய பழைய சிக்கனமே அங்கே வீண் செலவாக முடிவதுண்டு. இந்த உண்மையை நம் ஊவா மலைத் தோட்டத்து மக்கள் அனுபவித்ததுபோல் வேறு எவரும் அனுபவித்திருப்பார்களா என்பது சந்தேகமே. அப்புத்தளையிலிருந்து கோத்தகிரிக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அக்குடும்பம் என் பெரியப்பாவின் குடும்பம். அவர்கள் 1972ஆம் ஆண்டு அப்புத்தளைப் புகையிரத நிலையத்தில் வண்டி ஏறியபொழுது நான் சிறு பையன். மலைநாட்டார் அந்த வண்டியை "அழுகைக் கோச்சி" என்று அழைத்தனர். ஏறியவர்களும் அழுதனர், வழியனுப்ப வந்தவர்களும் அழுதனர். பெரியம்மாவின் இடுப்பில் ஒரு குழந்தை. கையில் ஒரு பிஸ்கட் தகரம். அந்தத் தகரத்துக்குள்தான் குடும்பத்தின் பத்திரங்கள் யாவும் இருந்தன.

ஒப்பந்தமும் பயணமும்

இப்பயணத்தின் காரணத்தை இளைய தலைமுறையினர் அறிந்திருத்தல் நலம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். அன்று நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோகும் வரை 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றுவிட்டனர்.

வண்டி மலையிறங்கி, அநுராதபுரம் கடந்து, தலைமன்னார் சேரும். அங்கிருந்து கப்பல் இராமேசுவரம் செல்லும். முன்னாளில் தனுஷ்கோடியில் இறங்குவதே வழக்கம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் அத்துறை அழிந்தபின் இராமேசுவரமே இறங்குதுறையாயிற்று. இறங்கியோர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டனர். விந்தை என்னவெனில், அவர்களுடைய பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கைக்குக் கூலிகளாக வந்தபொழுது நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபம் முகாமில்தான். பாட்டன் புறப்பட்ட வாசலிலேயே பேரன் வந்து இறங்கினான்.

கழித்தது போக மிச்சம்

இனி லயத்துக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத்தில் வீட்டு வாடகை என்ற பேச்சே கிடையாது. லயத்துக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். விறகு மலையில் கிடைக்கும். தண்ணீர் பீலியில் விழும். காய்ச்சல் என்றால் தோட்டத்து மருந்தகம், கைக்குழந்தைக்குப் பிள்ளைக்காம்பிரா. அரிசியும் மாவும் தோட்டத்திலேயே கொடுக்கப்பட்டு, அவற்றின் விலை சம்பளத்தில் கழிக்கப்படும்.

இவ்வழக்கம் மிகப் பழையது. கோப்பிக் காலத்திலிருந்தே கங்காணி கொடுத்த முற்பணமும் தோட்டம் கொடுத்த அரிசியும் தொழிலாளியின் கணக்கில் கடனாக ஏறின. அக்கடனைக் குறித்த "துண்டு" என்ற சீட்டுடன்தான் ஒருவர் தோட்டம் மாற முடிந்தது. 1921ஆம் ஆண்டில்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் சட்டத்தை அனுசரித்துக் குறைந்தபட்சச் சம்பளம் வகுக்கப்பட்டபொழுது, உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நிர்ணயித்தனர். அரிசி ஒரு புசல் 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படலாகாது என்பதையும் அதனுடன் சேர்த்தே வகுத்தனர். சம்பளமும் அரிசியும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட காலம் அது.

என் பெரியப்பா காலத்திலும் சம்பள நாளன்று இதே காட்சிதான். செக்ரோலில் விழுந்த பேர்களைக் கூட்டி, அரிசி, மா, தேயிலைத்தூள், தீபாவளி முற்பணம், சேமலாபநிதி, சங்கச் சந்தா, கோயில் வரி, வண்ணார், நாவிதர் கூலி என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சத்தைக் கையில் தருவார்கள். அந்த மிச்சத்தில் மீன், மரக்கறி, தேங்காய், துணி, வெற்றிலை, திருவிழா ஆகியன நடைபெறும். போதாததற்குக் கடையிலே பற்று. அடுத்த சம்பள நாளில் தீர்க்கலாம்.

இம்முறையில் ஒரு வசதியும் ஒரு கேடும் இருந்தன. வசதி யாதெனில், எவ்வளவு வறுமையிலும் கூரையும் ஓரளவு அரிசியும் தாமாக வந்தன. கேடு யாதெனில், வாழ்க்கையின் பெருஞ்செலவுகள் எதையும் தொழிலாளி தன் கையால் கொடுத்துப் பழகவில்லை. வாடகை எவ்வளவு, வைத்தியம் எவ்வளவு, விறகு எவ்வளவு என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. கணக்கு எழுதியது கணக்கப்பிள்ளை, ஒப்பமிட்டவர் துரை.

மொத்தமாக வந்த பணம்

புறப்படும்பொழுது நிலைமை தலைகீழாயிற்று. ஒப்பந்தப்படி சேமலாபநிதியையும் சேவைக்காலக் கொடையையும் தம்முடன் கொண்டுசெல்ல அனுமதி உண்டு. குடும்பம் ஒன்று கொண்டுசெல்லக்கூடிய உச்சத்தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்று இலங்கை அரசு அவ்வொப்பந்தத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. மாதம் தவறாமல் மிச்சத்தை மட்டுமே கண்ட கைகளில் வாழ்நாள் உழைப்பு முழுவதும் ஒரே நாளில் வந்து விழுந்தது. மறுபக்கத்தில் ஆட்டையும் மாட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் வந்த விலைக்கு விற்க வேண்டியதாயிற்று. புறப்படும் தேதி தெரிந்துவிட்ட குடும்பத்திடம் யார்தான் நியாய விலை கொடுப்பார்?

பணத்தின் பெயரும் ஏமாற்றியது. இலங்கையிலும் ரூபாய், இந்தியாவிலும் ரூபாய். 1966ஆம் ஆண்டு வரை அவ்விரண்டுக்கும் அந்நியச் செலாவணியில் ஒரே பெறுமதிதான். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவும், மறு ஆண்டு நவம்பரில் இலங்கையும் தத்தம் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தன. அதன்பின் பெயர் ஒன்று, பெறுமதி வேறு. அங்கே சதம், இங்கே பைசா. அங்கே இறாத்தல், இங்கே கிலோ. அரிசியைக் கொத்துக் கணக்கில் அறிந்த பெரியம்மாவுக்குக் கிலோ என்றால் மனத்தில் ஓர் உருவமும் தோன்றவில்லை. ஒரு கொத்து ஏறத்தாழ இரண்டு இறாத்தல். ஒரு கிலோ இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேல். இந்தச் சிறு கணக்கைத் தெரிந்துகொள்ளும் முன்னரே பல கடைகளில் அவர் காசை இழந்துவிட்டார்.

ஏன் கடை நொடித்தது?

தாயகம் திரும்பியோருக்குத் தமிழ்நாட்டு அரசும் இந்திய அரசும் பல வழிகளில் மறுவாழ்வு தேடின. நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை 1968ஆம் ஆண்டில் அமைக்கத் தொடங்கினர். அதுவே பின்னர் 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கேரளத்திலும் கருநாடகத்திலும் இறப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நூற்பாலைகளிலும் சிலர் அமர்ந்தனர். ஆயினும் வந்தவர் தொகைக்கு வேலைகள் போதவில்லை. பெரும்பாலோருக்குக் கிடைத்தது தொழிற்கடனே. அக்கடனைப் பெற்றுச் சிறு கடை வைத்தவர்களுள் பலர் தோற்றுப்போயினர் என்பது வரலாறு.

என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். பாட்டனார் பிறந்த புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்கே முதலில் சென்றார். மூன்று தலைமுறை கடந்துவிட்டமையால் உறவு முறை சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே. உதவக் கூடியவர்கள் அதனினும் சிலர். வந்தவர்களிடம் சிலோன் பணம் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் ஊர் முழுவதும் பரவியது. விருந்தும் மொய்யும் கைமாற்றுமாக முதல் மூன்று மாதங்களிலேயே கொண்டுவந்த பணத்தில் பெரும்பகுதி கரைந்தது. பிறகு கடன் பெற்று ஒரு மளிகைக் கடை திறந்தார். ஓராண்டுக்குள் அது மூடப்பட்டது.

"வியாபாரம் தெரியாதவர், ஏமாந்தார்" என்று ஊரார் சொன்னார்கள். அது பாதி உண்மையே. அவர் அறிந்திருந்த கடை தோட்டத்துக் கடை. அங்கே வாங்குவோர் அனைவருக்கும் ஒரே நாளில் சம்பளம்; எல்லோருடைய இருப்பிடமும் தெரியும். ஆகவே கடைக்காரர் துணிந்து கடன் கொடுத்தார், சம்பள நாளில் வசூலித்தார். வானம் பார்த்த பூமியாகிய கிராமத்தில் சம்பள நாள் ஏது? மழை பெய்தால் வேலை, அறுவடையானால் பணம். பெரியப்பா தோட்டத்து வழக்கப்படியே கடன் கொடுத்தார். வசூலிக்கும் நாள்தான் வரவேயில்லை. நல்ல மனமும் பழைய பழக்கமும் சேர்ந்து ஒரு கடையை மூடிவிட்டன.

மூன்று தகரங்கள்

இறுதியில் குடும்பம் கோத்தகிரிக்கு மலையேறிற்று. தேயிலையைக் கண்டவுடன் பெரியம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பியதாம். ஆனால் டான்டீயில் இடமில்லை. தனியார் தோட்டங்களில் நாட்கூலி. வாடகை அறை, விலைக்கு விறகு. பச்சை மலையும் பனிமூட்டமும் அப்புத்தளையைப் போலவே இருந்தனவாயினும், பருவங்கூட வேறு. ஊவாவிலே ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசிக் கொழுந்து குறையும்; நீலகிரியிலே மார்கழி, தையில் உறைபனி விழுந்து செடி கருகும். எந்த மாதத்தில் கை வறளும் என்று முன்கூட்டி அறிவதற்கே ஓராண்டு சென்றது.

பெரியம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். எனினும் அவர் ஒரு முறை வகுத்தார். பத்திரங்கள் வந்த அந்தப் பிஸ்கட் தகரத்துடன் மேலும் இரண்டு தகரங்களைச் சேர்த்தார். கூலி வந்த மாலையிலேயே காசு மூன்றாகப் பிரிந்தது. முதல் தகரம் அரிசிக்கும் விறகுக்கும். இரண்டாவது வாடகைக்கு, அதை மாதம் முடியும் வரை யாரும் திறக்கலாகாது. மூன்றாவது வேலையில்லாத நாளுக்கு. மற்ற இரண்டிலும் குறைத்தாவது அதில் ஏதேனும் போட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. பள்ளிக்குச் சென்ற மகள் ஒரு கொப்பியில் இவற்றை எழுதிவந்தாள். துரை கழித்த கழிவுகளை இப்பொழுது அவர் தாமே கழித்துக்கொண்டார் எனலாம்.

அடுப்படியிலும் மாற்றம் வந்தது. தேங்காய்ப்பால் இல்லாமல் கறியில்லை, மாசி இல்லாமல் சம்பலில்லை என்று வளர்ந்த குடும்பம். அங்கே தேங்காய் விலை கட்டவில்லை. மாசி கண்ணிலேயே படவில்லை. பெரியம்மா பொட்டுக்கடலையும் புளியும் மிளகாயும் வைத்து அரைக்கப் பழகினார். கோதுமைமா ரொட்டிக்குப் பதில் கேழ்வரகுக் களி. போஞ்சி என்று கேட்டால் கடைக்காரர் விழித்தார். பீன்ஸ் என்று சொல்லக் கற்றுக்கொண்டார். பங்கீட்டு அட்டை கிடைத்தவுடன் அரிசிச் செலவு பாதியாயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கிடைத்தது; முதலமைச்சர் காமராசர் காலத்தில், 1956இல், பரவத் தொடங்கிய திட்டம் அது. அந்நாட்டு ஏழைகளுக்கு உரிய சலுகைகள் தமக்கும் உரியவை என்று அறிந்து கேட்டுப் பெறுவதற்கே அவர்களுக்கு நெடுநாள் பிடித்தது. கேட்கக் கூசியதால் இழந்ததும் ஒரு செலவுதானே!

கடினமான முடிவு ஒன்றும் எடுக்க நேர்ந்தது. மூத்த மகள் பெரியவளானபொழுது, அப்புத்தளை வழக்கப்படி ஊரழைத்துச் சடங்கு செய்யவேண்டும் என்று பெரியப்பா விரும்பினார். கிராமத்தில் இழந்த மானத்தை அதனால் மீட்கலாம் என்பது அவர் எண்ணம். ஒரு வட்டிக்காரரிடம் பேசியும் வந்துவிட்டார். பெரியம்மா மூன்றாவது தகரத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்துத் திறந்தாராம். "இதில் இருப்பது எட்டு நாள் அரிசி. சடங்குக் கடன் வாங்கினால் அவள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து பறிக்க வரவேண்டும். எதைச் செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றாராம். வீட்டோடு, நாலு பேருக்குச் சர்க்கரைப் பொங்கலுடன் சடங்கு முடிந்தது. அக்காள் பள்ளியில் தொடர்ந்து படித்தாள். பின்னாளில் செவிலியானாள். அந்தக் கொப்பியை என்னிடம் காட்டியவள் அவள்தான்.

ஆயினும் இழப்பில்லாத கதை அன்று இது. பெரியப்பா அந்தச் சடங்கை இறுதிவரை ஒரு குறையாகவே நினைத்து வருந்தினார் என்று அக்காள் சொன்னாள். இலங்கையில் "இந்தியாக்காரர்" என்று சொல்லப்பட்டவர், இந்தியாவில் "சிலோன்காரர்" எனப்பட்டார். நாலு பேரை அழைத்து விருந்து வைப்பது அவருக்கு வெறும் ஆடம்பரமாகத் தோன்றவில்லை; தானும் ஓர் ஊரான் என்று சொல்லிக்கொள்ளும் வழியாகவே தோன்றிற்று. புலம்பெயர்ந்தோர் சில வேளைகளில் தகுதிக்கு மீறிச் செலவிடுவதைக் கண்டு நகைப்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்று பயணப்படுவோருக்கு

அந்தக் கப்பல் நின்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் இங்கே எஞ்சியோர் இலங்கைக் குடிமக்களாயினர். எனினும் அப்புத்தளை நிலையத்தில் பயணப் பெட்டிகள் குறையவில்லை. தம்பேதன்னையிலிருந்தும் பூணாகலையிலிருந்தும் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குச் செல்கின்றனர். தாய்மார் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குப் போகின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு செல்ல விழைவோர் தொகை பெருகியதையும் கண்டோம். இவர்களுக்கும் பெரியம்மாவின் தகரங்கள் பாடம் சொல்லும்.

புறப்படுமுன், இப்பொழுது நாம் கையால் கொடுக்காமலே பெறும் வசதிகள் எவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கூரை, தண்ணீர், விறகு, இலவச வைத்தியம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஆகிய யாவும் அப்பட்டியலில் வரும். போகிற இடத்தில் இவற்றுள் எதற்கெல்லாம் விலை உண்டு என்று விசாரித்தறிந்த பின்னரே அங்கத்தைய சம்பளம் பெரிதா சிறிதா என்று சொல்ல இயலும்.

வெளிநாட்டுக் காசை நம் ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் சேமிக்கும்பொழுது ஊக்கம் தரும். செலவிடும்பொழுது குழப்பம் தரும். அங்கே ஒரு நாள் உழைப்புக்கு எவ்வளவு அரிசி, எத்தனை நாள் வாடகை என்று பார்ப்பதே சரியான அளவு. மொத்தமாக வரும் பணத்தை முதல் மூன்று மாதங்கள் தொடலாகாது. புதிய ஊரின் விலையும் மனிதரும் விளங்குவதற்கு அவ்வளவு காலமேனும் வேண்டும். தெரிந்த தொழிலாயினும் புதிய இடத்தில் அது எவ்வாறு நடைபெறுகிறது, பணம் எந்நாளில் கைமாறுகிறது என்று கண்டறியாமல் முதல் போடலாகாது. வீட்டிலிருப்போரும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைக் கண்டவுடன் விழாவும் வீடும் பெருக்காமல், அனுப்புகிறவர் அங்கே எதை விட்டுக்கொடுத்து அதனை மிச்சம்பிடித்தார் என்று கேட்டறிதல் கடமையாகும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டில் கணக்குக் கொப்பி இல்லையாயின் இன்றிரவே ஒன்றைத் தொடங்குங்கள். தாய் சொல்ல நீங்கள் எழுதுங்கள். பன்னிரண்டு வயதில் என் அக்காள் அவ்வாறு எழுதத் தொடங்கியதால்தான் ஒரு குடும்பம் தன் நிலையைத் தானே அறிந்துகொண்டது.

பல்லாண்டுகள் கழித்து நான் கோத்தகிரி சென்றிருந்தபொழுது, பெரியம்மா எனக்குச் சாயத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்புத்தளை வழக்கப்படி சர்க்கரையைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்தார். "தம்பி, தோட்டத்திலே எங்கள் கணக்கைத் துரை எழுதினார். இங்கே வந்து பட்ட பிறகுதான் கணக்கு எங்களுடையதாயிற்று. பட்டது பட்டதுதான், ஆனால் இப்பொழுது யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை" என்றார். அலமாரியின் மேல் அந்தப் பழைய பிஸ்கட் தகரம் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். திறந்து காட்டினார். அவ்வாரத்துக் காசும், அப்புத்தளையில் கொடுத்த குடும்ப அட்டையும் ஒன்றாகவே கிடந்தன.